இரண்டு வேளை, உணவுக்குப் பின்

என் கோபத்துக்கு மருத்துவச் சான்று இருக்கிறது. சும்மா சொல்லவில்லை. மருந்துப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு மெல்லிய தாள், அதில் தூக்கம், தலைசுற்றல், பசியின்மை என்று வரும் வரிசையில் எரிச்சலும் கோபமும் அச்சில் இருக்கின்றன. அந்த இடத்தில் மஞ்சள் மை பூசி, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியவர் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டுக்கு வந்து குளிர்ந்த தண்ணீர் கேட்கிறவர்கள் என்னைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் குடிப்பார்கள்.

எனக்கு வலிப்பு உண்டு. மருந்து போட்டால் வராது, விட்டால் வரும், அவ்வளவுதான் கணக்கு. முதல்முறை வந்தது பதினான்கு வயதில், இடைநிலைப்பள்ளியில், காலைச் சபைகூடலில். வெயிலில் நின்றுகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் மருத்துவ அறையின் கூரை. என் வலது கையில் ஒரு பெரிய சாவி இருந்தது. ஆசிரியர் அறை அலமாரியின் சாவியாம். எங்கள் தமிழாசிரியை ஓடிவந்து திணித்திருக்கிறார்.

நம் ஆட்களுக்கு வலிப்பு என்றால் கை இரும்பைத் தேடும். அதன்பிறகு விழுந்த ஒவ்வொரு முறையும் எழும்போது கையில் ஏதாவது ஒரு சாமான் இருந்தது. ஒருமுறை பத்தாங் பெர்ஜுந்தாய் மார்க்கெட்டில் விழுந்து எழுந்தால், யாரென்றே தெரியாத ஒருவருடைய மோட்டார் சாவி. என் பிடி தளரும்வரை அந்த மனிதர் வீட்டுக்குப் போக முடியாமல், பையில் மீனோடு, பக்கத்திலேயே குந்தியிருந்தாராம். இன்னொரு முறை அம்மா அவசரத்தில் தோசைக் கரண்டியைக் கொடுத்துவிட, அது எவர்சில்வர், செல்லாது என்று அப்பா சத்தம் போட்டிருக்கிறார். நான் தரையில் துடித்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் உலோக ஆராய்ச்சி. உண்மையில் இரும்பு எதையும் நிறுத்துவதில்லை. வலிப்பு தானாக ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடும், பெயர் சாவிக்குப் போய்விடும்.

என் வலிப்பை நிறுத்தியது வால்புரோவேட் என்ற மாத்திரை. அதை ஆரம்பித்த மூன்றாம் மாதத்திலிருந்து நான் விழவில்லை. பள்ளி முடித்தேன், ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், கொம்பெனி பஸ்ஸில் போய்வந்தேன். பதிலுக்கு அந்த மாத்திரையும் சிலதை எடுத்துக்கொண்டது. முடி கொட்டியது, உடம்பு பூசியது, விரல்கள் லேசாக நடுங்கின. வருடத்துக்கு ஒருமுறை ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று என் கையில் தேநீர்த் தட்டு கிலுகிலுவென்று ஆடியதை மாப்பிள்ளை வீட்டார் வெட்கம் என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்தார்கள். வாயைத் திறக்காதே என்று அப்பா கண்ணால் மிரட்டினார்.

நான் திறந்தேன். அடுத்த வாரம் அவரும் நானும், காவலுக்கு என் அண்ணியும், பாசிர் பெனம்பாங்கில் நண்டு சாப்பிடப் போனோம். அண்ணி கை கழுவப் போன நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையின் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். எதையும் பாரமா, பாரமில்லையா என்று மட்டும்தான் பார்ப்பார்.

“மருந்து சாப்ட்டா வராதுல்ல?”

“வராது.”

“அப்பறம் என்னா லா? எங்கம்மாவும்தான் பிரஷருக்கு சாப்புடுது. நண்டு ஆறுது பாரு.”

கல்யாணம் ஆனது. அவர் அம்மாவிடமும் அவரே சொல்லிவிட்டார். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் எல்லா அறையிலும் ஒரு சாவியை ஆணியில் மாட்டிவைத்தார், குளியலறை உட்பட.

குழந்தை வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தபோது எனக்கு முப்பத்திரண்டு. அதைச் சொல்லத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்பு டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா, மெதுவாகப் பேசுகிறவர். பக்கத்தில் ஒரு தமிழ் மிஸி, அதாவது தாதி, நான் மலாயில் தடுமாறும் இடங்களில் கைகொடுப்பார். சேதியைக் கேட்டதும் டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இந்த மாத்திரை உனக்கு நன்றாக வேலை செய்கிறது, ஆனால் வயிற்றில் வளரும் குழந்தைக்கு ஆகாது என்றார். குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகலாம். உடம்பு சரியாகப் பிறந்தாலும் பேச்சும் படிப்பும் பின்தங்கலாம். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்றில்லை, ஆனால் தெரிந்தே அந்த ஆபத்தில் இறங்க வேண்டாம் என்றார்.

நான் அப்போதே மனதுக்குள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். “நாளைக்கே நீயா நிப்பாட்டிடாத,” என்று மிஸி முந்திக்கொண்டார். “சட்டுனு வுட்டா ஒன்னு பின்னால ஒன்னா வரும். உசுருக்கே ஆபத்து லா.” பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பழையது முழுதாகப் போகும்வரை கர்ப்பம் கூடாது. இப்போதிருந்தே ஃபோலிக் மாத்திரை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றியதே என் பிள்ளைக்கு எதிரி என்றால் யாரைப் போய்க் கோபித்துக்கொள்வது?

புது மாத்திரையின் பெயர் லெவெடிராசெட்டம். எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் மாமியார் அதற்குப் ‘புதுசு’ என்று பெயர் வைத்தார். கருவுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாத மருந்துகளில் ஒன்று என்று டாக்டர் சொன்னார். எரிச்சல் வரலாம், மனசு ரொம்பச் சரியில்லை என்றால் உடனே சொல் என்றும் சொன்னார். எரிச்சல்தானே என்று நினைத்தேன்.

இரண்டாம் வாரம் கொம்பெனி பஸ் டிரைவரைத் திட்டினேன். மூன்றாம் வாரம் சோறு பொங்கும் மின்பானையின் மூடியைத் திட்டினேன். நாலாம் வாரம், மாமியாரின் சாம்பாரில் பருப்பைத் தேட லைட் அடிக்க வேண்டும் என்று, அதுவும் விருந்தாளி முன்னால், சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“இது நீ பேசுறியா, புதுசு பேசுதா?”

“தெரியல அத்தை.”

“அப்ப புதுசுதான்,” என்று சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இந்தக் கேள்வி வீட்டில் நிலைத்துவிட்டது. சொல்லப்போனால் எனக்கு வசதியாகவும் இருந்தது. மனசார நானே திட்டிய பல திட்டுகளைப் புதுசின் தலையில் கட்டியிருக்கிறேன்.

பழைய மாத்திரை முழுவதும் நின்ற மாதம்தான் மாமியார் பிறந்த தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. கோலசிலாங்கூர் போகும் பாதையில் உள்ளே திரும்ப வேண்டும். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்தாயிற்று. செம்பனைக்கு நடுவில் அம்மன் கோயில் மட்டும் தனியாக நிற்கிறது. திருவிழாவுக்கு மட்டும் ரவாங், கலும்பாங் என்று எங்கெங்கோ போய்விட்ட குடும்பங்கள் கார் கார்களாக வந்து இறங்கும். எனக்குக் குழந்தை வேண்டி, நான் பால்குடம் எடுப்பதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டுக்கொண்டு வேண்டவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் குழந்தை கிடைக்கும் என்றால் கோபுரத்தையே தலையில் தூக்கியிருப்பேன்.

இருபத்தொரு நாள் விரதம். மரக்கறி, தரையில் பாய், விடிவதற்குள் குளியல், நடுப்பகலில் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. முதல் நாள் பொழுது சாய்ந்ததும் மருந்துப் பையை எடுத்தேன். ஒட்டியிருந்த சீட்டில் மலாயில் தெளிவாக எழுதியிருந்தது: இரண்டு வேளை, உணவுக்குப் பின்.

“ராத்திரி மருந்து போட்டுட்டியா?” என்று மாமியார் கேட்டார்.

“சாப்பாட்டுக்கு அப்பறம்னு போட்டிருக்கு அத்தை. ராத்திரிக்குத்தான் சாப்பாடே இல்லையே.”

அவர் யோசித்தார். “ஆமா, வெறும் வயித்துல போட்டா புண்ணாயிரும்.”

வீட்டுக்காரரும் சீட்டை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினார். ஆக ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு வேளை மாத்திரை. மூன்று பெரிய மனிதர்கள், மூன்று கைத்தொலைபேசிகள், ஒருவருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. பதினான்கு வயதிலிருந்து ஒரு மாத்திரை தவறவிடாதவள் என்ற திமிர் எனக்கு. சீட்டில் உள்ளதை அப்படியே கடைப்பிடிக்கிறேன் என்றுதான் நான் நம்பினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் என் கோபம் குறைந்தது. பத்தாம் நாளுக்குள் நான் தங்கமான மருமகள். பஸ் டிரைவருக்கு வணக்கம் சொன்னேன். “விரதத்தோட மகிமையப் பாத்தியா?” என்று மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை அடித்துக்கொண்டார். மருந்து பாதியானதால் கோபமும் பாதியானது என்று எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை.

திருவிழாவுக்கு முந்தின இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. காலை வெயில் ஏறிவிட்டது, பால்குடம் தலையில், முன்னால் உறுமி மேளக் குழு. இளவட்டங்கள் அடித்த அடியில் என் பல் அதிர்ந்தது. சாம்பிராணி வாசம் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒன்றுமில்லை.

மீதியெல்லாம் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டது. நான் ஒரு சத்தம் போட்டேனாம், குடம் உருண்டதாம், கை கால் வெட்டி இழுத்ததாம். உடனே கூட்டம் கும்பிட்டது. சாமி வந்துவிட்டது என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். உறுமிக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். ஒருவர் முகத்துக்கு நேரே கற்பூரம் காட்டினார், ஒரு அம்மாள் எலுமிச்சம்பழத்தை வாயில் திணிக்கப் பார்த்தார். ஒரு பெரியவர் மண்டியிட்டு, “தாயே, ஒரு நாலு நம்பர் சொல்லும்மா,” என்று கைகூப்பினார். லாட்டரிக் கடை கட்டுவதற்குள் அவருக்கு அது வேண்டும்.

வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தவர் ஓடி வந்தார். “சாமி இல்ல லா! வலிப்பு! தள்ளுங்க!” என்று கத்தினார். யார் கேட்பது? அம்மனைத் தொடாதே தம்பி என்று நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது மாமியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, கொட்டிக்கிடந்த பாலில் அப்படியே உட்கார்ந்தார். எலுமிச்சம்பழத்தைத் தட்டிவிட்டார். என்னை ஒருக்களித்துச் சாய்த்து, தலைக்குக் கீழே தன் முந்தானையைச் சுருட்டி வைத்தார். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மிஸி சொல்லிக்கொடுத்ததை அவர் மறக்கவில்லை.

“மேளத்த நிப்பாட்டுங்கடா!” என்று அவர் போட்ட சத்தத்தில் உறுமி நின்றது. விட்டுப்போன இரவு மாத்திரைகள் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கின்றன. “என் மருமவளுக்கு மருந்து கொறஞ்சி போச்சி! யாராச்சும் மணியப் பாருங்க!”

மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிட்டதாம். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று மாமியார் பாலில் உட்கார்ந்தபடியே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கண் விழித்தபோது கையில் கோயில் உண்டியலின் சாவி இருந்தது. வலிப்பு என்று தெரிந்ததும் பூசாரிக்கு மனசு கேட்கவில்லை போலும். எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே கௌரவமான சாவி அதுதான். மயக்கம் தெளியும் முன்னால் ‘ஐநூறு, ரெண்டு’ என்று ஏதோ முனகினேனாம். டாக்டர் எழுதிக்கொடுத்த ஐந்நூறு மில்லிகிராம், இரண்டு வேளை. நம்பர் கேட்ட பெரியவர் அதை 5002 என்று கட்டி ஆறுதல் பரிசு அடித்து, மறுவாரம் ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். சாமி இல்லை என்று அவரிடம் இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நடந்ததைக் கேட்டார். நான் சீட்டை நீட்டினேன். அவர் படித்தார், என் விரதத்தைப் பற்றி மிஸி விளக்கினார், டாக்டர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். திட்டவில்லை. உணவுக்குப் பின் என்பது வயிற்றுக்காகச் சொல்வது, மூளைக்கு நீ விரதம் இருப்பது தெரியாது என்றார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து உள்ளே போக வேண்டும், வெறும் தண்ணீரோடு என்றாலும். நோன்பு மாதம் வருவதற்கு முன்னால் முஸ்லிம் நோயாளிகள் வந்து கேட்டு மாற்றி எழுதிக்கொண்டு போவார்களாம். “உங்களுக்கும் நோன்பு உண்டா என்று நான் கேட்டிருக்க வேண்டும், என் தவறும் இருக்கிறது,” என்றார். உணவுக்குப் பின் என்பதை அடித்துவிட்டு, காலை எட்டு, இரவு எட்டு என்று பெரிதாக எழுதினார்.

பிறகுதான் உண்மையான தண்டனை வந்தது. இன்னும் குறைந்தது ஆறு மாதம் வலிப்பில்லாமல் போக வேண்டும், அதுவரை குழந்தை முயற்சி வேண்டாம். கோபம் தாங்கவில்லை என்றால் வேறு மருந்து இருக்கிறது, ஆனால் தோல் தடித்துவிடாமல் இருக்க அதை மிக மெதுவாகத்தான் கூட்ட முடியும், அப்போது இன்னும் பல மாதம். அன்றைக்கு வந்த கோபம் புதுசினுடையது இல்லை, முழுக்க என்னுடையது, என் மேலேயே. வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார்.

“கோவந்தானே, இருந்துட்டுப் போவட்டும். நாங்க வாங்கிக்கிறோம். புள்ள வரட்டும்.”

குளிர்பெட்டியில் தாள் ஏறியது அன்றைக்குத்தான்.

ஆறு மாதம் எட்டுமணி அலாரத்தோடு போனது, ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. திருவிழா முடிந்த ஒன்பதாம் மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது. வயிறு வளர வளர உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும் என்று ரத்தம் பார்த்து அளவைக் கூட்டினார்கள். கோபமும் கூடவே வளர்ந்தது. வளைகாப்பில் ஒவ்வொருவராக வளையல் போட வந்தபோது, ஒரு சித்தி “நோவுக்காரப் பொண்ணு, புள்ள நல்லபடியா வரணும்,” என்று உச்சுக்கொட்டினார். அவருக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. “புதுசு,” என்று மாமியார் சபைக்கு அறிவித்தார். அது புதுசு இல்லை என்று அவருக்கும் தெரியும்.

ஸ்கேன் எடுத்த நாளில் டாக்டர் திரையில் முதுகுத்தண்டை மேலிருந்து கீழ்வரை காட்டினார். நன்றாக மூடியிருக்கிறது என்றார். நான் நம்பவில்லை. என் உடம்பில் அத்தனை வருடம் ஊறிய பழைய மாத்திரை எங்காவது ஒளிந்திருக்கும் என்று ஒரு பயம். அப்படியெல்லாம் தங்காது என்று எத்தனை முறை சொன்னாலும் போகாத பயம். பிரசவ அறையில் மகளை மார்பில் வைத்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவளைக் கவிழ்த்து, முதுகில் மேலிருந்து கீழே விரலால் தடவினேன். எங்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். பாக்கியிருந்த பால்குடத்தை அந்த வருடம் மாமியாரே எடுத்தார். என்னை உறுமி மேளத்துக்குக் கிட்டேயே விடவில்லை.

மகளுக்கு இப்போது நான்கு வயது. பேச்சு பின்தங்குமோ என்று பயந்தேனே, இப்போது வாய் மூடுவது தூங்கும்போது மட்டும்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே வெறுந்தரையில் படுத்து நன்றாகத் தூங்கிவிட்டேன். யாரோ தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருந்தது. கண் விழித்தால் வலது கையில் சில்லென்று ஏதோ இருக்கிறது. லோரிச் சாவி.

மகள் இரண்டு கையாலும் என்னை ஒருக்களிக்கத் தள்ளிக்கொண்டிருந்தாள். முடியவில்லை, முகம் சிவந்திருந்தது. நடுநடுவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது.

“அம்மா, பயப்படாத. மணி ஓடுது, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்,” என்றாள்.

மாமியார் அந்தத் திருவிழாக் கதையை எத்தனை முறை சொல்லியிருக்கிறாரோ. என் மாத்திரை இவளைத் தொட்டுவிடக் கூடாது என்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாத்திரை தொடவில்லை. என் நோய் இப்படி வேறு வாசல் வழியாக வந்து அவளைத் தொட்டிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டேன்.

“அம்மாவுக்கு ஒன்னும் இல்ல, சும்மாதான் தூங்குனேன். நெசமாவே வந்தா நீ தள்ள வேணாம், ஓடிப்போய் பாட்டியக் கூப்புடு, போதும். சாவியெல்லாம் வேணாம், அது ஒன்னும் செய்யாது.”

அவள் என் கையையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. “சாவி வேணாமா?”

இருபது வருடத்துக்கும் மேலாக இந்தச் சாவியைக் கேலி செய்துகொண்டு திரிகிறவள் நான்.

“சரி,” என்றேன். “சாவியும் இருக்கட்டும்.”

அன்று இரவு எட்டு மணிக்கு அலாரம் அடித்தபோது சோறு இன்னும் வேகவில்லை. மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன். வீட்டுக்காரர் லோரிச் சாவியைக் காணவில்லை என்று வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். அது என் கையில்தான் இருந்தது, நான் கொடுக்கவில்லை.